அடையபலமும் வாத நெறியும்

ஆரணி என்ற அளவிலே பட்டாடையே பலர்க்கும் நினைவில் எழும். கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த அந்நெசவூரைப் பட்டின் பொருட்டு நாடிச் செல்வோர் பலராயினும், அதனை அடுத்துள்ள அடையபலம் என்னும் சிற்றூரை நாடிச் செல்வோர் சிலரே. சைவ உலகம் மறத்தற்குரியதன்று அச்சிற்றூர். ஸ்ரீமத் அப்பைய தீட்சிதர் தோன்றிய இடம் அது. அங்குள்ள காலகண்டேசுவரர் திருக்கோயிலும் அவர் எடுப்பித்ததே. சகம் 1504, அஃதாவது கி. பி. 1582ஆம் ஆண்டில் அக்கோயிலில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டு, நீலகண்ட பாடியத்திற்குத் தீட்சிதர் இயற்றிய சிவார்க்கமணி தீபிகை என்னும் பேருரையையும், வேலூர்ச் சின்ன பொம்ம நாயக்கர் அவருக்குச் செய்த பொன்னாட்டினையும், அவ்வுரையைப் பயிலும் பொருட்டு 500 புலவர்க்கு ஏற்பட்ட ஆதரவினையும் குறிப்பிடுகின்றது.

நிலக்கொடை, விளக்குக்கொடை, தேவதானம் என்பவற்றைக் கூறும் கல்வெட்டுக்கள் தமிழகத்திற் பல்லாயிரம் உள. ஒரு நூலைக் கற்றற்கும் கற்பித்தற்கும் 500 பேர் ஓரிடத்துக் கூடியதைக் கூறும் கல்வெட்டு மிக அரியது. அவ்வைந்நூற்றுவர் அங்கே யாது செய்தனர் என்பதனை ஆராய்வது பயனுடைத்து. ஏனெனில் அவர்கள் கற்ற நூல் மனப்பாடம் செய்து ஒப்புவித்தற்குரிய நூலன்று. முதலிலிருந்து முடிவுவரை வாதமாகவே இயன்ற நூல்.

வேதாந்த சூத்திரங்களுக்கு உரை காண்போர் அவற்றை அதிகரணம் என்னும் பகுதிகளாகப் பிரித்துக்கொள்வர். அதிகரணம் ஒவ்வொன்றற்கும் உறுப்பு ஐந்து. ஆராயப்படும் பொருள் முதலாவது. அப்பொருளின்கண் எழும் ஐயம் இரண்டாவது. எதிரியின் கட்சியாகிய பூர்வபக்கம் மூன்றாவது. தன் துணிபாகிய சித்தாந்தம் நான்காவது. முன்னும் பின்னும் உள்ள பகுதிகளோடு அதற்குரிய இயைபு ஐந்தாவது. எதிரி கூறுவதனை அவன் கூறுமாறே கூறித் தீர்ந்த பின்னன்றித் தன் துணிபைக் கூறுதற்கு ஆசிரியனுக்கு உரிமையில்லை. மாணாக்கனும் முதற்கண் பூர்வபக்கத்தினையே தன் கட்சியாகக் கொண்டு நின்று, அது வலியுடைத்தெனக் காட்டல் வேண்டும். வாக்கியார்த்த சபைகளில் ஒருவன் எழுந்து எதிர்க்கட்சியை நிறுவுங்கால், அவன் அதனை நம்புகின்றான் என எவரும் கருதார். நன்கு நிறுவியவனை ஆசிரியரே மெச்சுவர். இம்முறையிற் பயின்ற மாணாக்கன் தான் கொண்ட கொள்கையின் வலியை மட்டுமேயன்றி, அதன்மேல் எய்யப்படும் அம்பு ஒவ்வொன்றும் எத்திசையினின்று வருமென்பதனையும் அறிந்திருப்பான்.

வாதமென்பது ஒரே தன்மையதன்று என்பதனை நியாய சூத்திரகாரர் கௌதமர் தெளிவுற வகுத்துள்ளார். உண்மை காண்டல் ஒன்றையே கருதி இருவர் உரையாடுவது வாதம். வெல்லுதலைக் கருதி நேரிய வழியாலும் நேரல்லா வழியாலும் பேசுவது செற்பம். தனக்கென ஒரு கட்சியும் இன்றிப் பிறன் கட்சியை அழித்தலே தொழிலாகக் கொள்வது விதண்டை. பயிரைக் காத்தற்கு முள்வேலி இடுவது போலச் செற்பமும் விதண்டையும் சிலபோது வேண்டப்படும் என்று அந்நூலே கூறுகின்றது. ஆயினும் வேலியை வளர்த்துப் பயிரை மறந்தவர் எக்காலத்தும் உளர்.

இந்நெறி வடமொழியார்க்கே உரித்தென்று கருதற்க. நூலுக்குரிய மதம் ஏழென வகுத்த நன்னூலார் பிறர் கொள்கைக்கு உடன்படலையும், அதனை மறுத்தலையும், பிறர் மதத்தினை முதற்கண் மேற்கொண்டு பின் களைதலையும், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றனைத் துணிதலையும் அவற்றுள் வைத்தோதினர். அப்பவணந்தி முனிவர் சமணராயிருந்தும் அவர் வகுத்த நெறியைச் சைவ மடங்கள் அனைத்தும் பாடமாகக் கொண்டன. காவிரிப்பூம்பட்டினத்து இந்திரவிழாவின்போது சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறுதல் வேண்டுமென முரசறைந்த செய்தியை மணிமேகலை கூறுகின்றது. அந்நூலின் சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதையோ பல சமயத்தார் கொள்கைகளையும் ஒருங்கே நிரைத்து வைக்கின்றது. சைவ சித்தாந்தத்திலும், அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரைச் செய்தபோது சுபக்கத்திற்கு முன்னே பரபக்கத்தை வைத்தார். உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் கட்சி அதனுள் எடுத்தோதி மறுக்கப்படுகின்றன. பரபக்கத்தை விடுத்துச் சுபக்கத்தை மட்டும் ஓதுவார் தொகை பிற்காலத்து மிகுந்தது. அது சோம்பலின் பயனேயன்றி ஆசிரியர் கருத்தன்று. 1313ஆம் ஆண்டிற்கு நேரான சகம் 1235இல் உமாபதி சிவாசாரியர் அருளிய சங்கற்ப நிராகரணமோ, சைவத்திற்கு மிக அணுகி நிற்கும் கட்சிகளையே ஒன்றன்பின் ஒன்றாக வாதிற்கு நிறுத்துகின்றது. தொலைவில் உள்ளாரோடு வாதிடுதலினும் அண்டை வீட்டாரோடு வாதிடுதல் அரிது என்பதனை அந்நூல் கற்றோர் அறிவர்.

ஆரணியைச் சூழ்ந்த நாடும் வாதத்திற்குப் புதியதன்று. அதன் கிழக்கே செய்யாற்றங்கரையில் உள்ள திருவோத்தூரில், ஆண்பனை காய்க்குமோ எனச் சமணர் எள்ளியதும், திருஞானசம்பந்தர் திருப்பதிகத்தால் அவை பெண்பனையாகிக் குலையீன்றதும் பெரியபுராணத்துட் கேட்கப்படும். பூண்டி, திருமலை முதலிய அவ்வட்டாரத்து ஊர்களில் சமணக் கோயில்கள் இன்றும் வழிபாட்டில் உள. எதிர்க்கட்சியார் ஏட்டில் மட்டுமேயன்றி அடுத்த ஊரிலும் வாழும் நாட்டில் பிறந்தவர்க்குப் பூர்வபக்கம் என்பது வெறும் இலக்கணக் குறியீடாக இராது.

இனி அரசியலுக்கு வருவோம். 1565ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்த பின்னர், அரசுரிமை பெனுகொண்டைக்கும் சந்திரகிரிக்கும் பெயர்ந்தது. வேலூர், செஞ்சி, தஞ்சை, மதுரை ஆகிய இடங்களில் நாயக்கர் வலியுற்றனர். ஆரவீட்டு மன்னர் அவையில் வைணவ ஆசாரியர்களாகிய தாதாசாரியர் குடும்பத்தார் பெருஞ்செல்வாக்குற்றிருந்தனர். கும்பகோணத்தில் மாத்துவ மடத்துத் தலைவர் விசயீந்திர தீர்த்தர் விளங்கினார். அரசன் எச்சமயத்து ஆசிரியனைக் குருவாகக் கொள்கின்றானோ அச்சமயத்துக் கோயிலுக்கு ஊரும், மடத்துக்கு வருவாயும், மாணாக்கர்க்குச் சோறும் கிடைக்கும் காலம் அது. ஆதலின் சபையில் நிகழ்ந்த வாதம் சொல்லளவில் முடிவதன்று. தோற்றவன் பின்னே நின்ற குடிகளையும் கோயில்களையும் அது தாக்கும். வேலூர்க் கோட்டையுள் சலகண்டேசுவரர் கோயிலை எடுப்பித்தவராகக் கூறப்பெறும் சின்ன பொம்ம நாயக்கர் தீட்சிதரை ஆதரித்ததனை இந்நிலையில் வைத்தே நோக்கல் வேண்டும். தீட்சிதரைப் பொன்னால் நீராட்டிய கனகாபிடேகத்தைச் சமரபுங்கவ தீட்சிதர் தமது யாத்திராப் பிரபந்தத்துள் புகழ்கின்றார். அங்ஙனம் பெற்ற பொன் கோயிலுக்கும் புலவர்க்குமே செலவாயிற்று என்பது மரபு.

தீட்சிதருக்கும் தாதாசாரியருக்கும் இடையே நிகழ்ந்தனவாக வழங்கும் கதைகள் பல. நஞ்சு கலந்த தீர்த்தம் என்றும், வழிப்பறிக்கு ஏவப்பட்ட கள்வர் என்றும் அவை விரியும். இருதிறத்தார் மாணாக்கரும் தத்தம் ஆசிரியர் பெருமைக்காகக் கட்டிய கதைகள் அவற்றுட் பல இருத்தல் கூடும். வரலாறு எழுதுவோர் அவற்றின்மேல் கட்டடம் எழுப்புதல் தகாது. அவற்றினும் நம்புதற்குரியது தஞ்சைச் செவ்வப்ப நாயக்கரைக் குறித்த சாசனச் செய்யுளொன்று. விசயீந்திரர், தாதாசாரியர், அப்பைய தீட்சிதர் ஆகிய மூவரும் அவர் சபையில் வேள்வியின் முத்தீப் போல விளங்கித் தத்தம் மதத்தை நிறுவியிருந்தனர் என்பது அதன் கருத்து. ஒரு தீ மற்றொன்றை அவித்ததாக அச்செய்யுள் கூறவில்லை. மூன்றும் இருந்தாலன்றி வேள்வி நிரம்பாதென்பது உவமையைக் கையாண்ட புலவர்க்குத் தெரியாததன்று. நாயக்கர் சபைகளின் அரசியல் திறனும் அதனுள்ளே புலனாகின்றது. ஒருவரை வெற்றியாளராக முடிசூட்டி ஏனையோரைப் பகைவராக்கிக்கொள்வதினும், மூவரையும் ஒரே அவையில் வீற்றிருக்கச் செய்வது ஆள்வோனுக்கு ஊதியமாம்.

மூவருள் விசயீந்திரரும் தீட்சிதரும் ஒருவர்மேல் ஒருவர் நூல் தொடுத்த வரலாறு குறிக்கொள்ளத்தக்கது. தீட்சிதர் மாத்துவக் கொள்கையை மறுத்து மத்துவதந்திர முகமர்த்தனம் என்னும் செய்யுள் நூலையும், அதற்குத் தாமே ஓர் உரையினையும் இயற்றினார். முகத்தைச் சிதைத்தல் என்று பொருள்படும் அப்பெயர் வன்மையுடையதே. அதனை மறுத்து விசயீந்திரர் மத்துவாத்துவ கண்டகோத்தாரம் செய்தார். மத்துவர் வழியில் கிடந்த முள்ளைக் களைதல் என்பது அதன் பொருள். பெயர்களை மட்டும் நோக்குவோர் இவர்களைக் கொடும்பகைவர் என்றே துணிவர். சைவர்க்குள்ளேயும் கண்டனம் என்றும், கண்டன கண்டனம் என்றும், சபேடிகை என்றும் சென்ற நூற்றாண்டில் அச்சேறிய சிறு நூல்களின் பெயர்களை நினைவுகூர்வோர்க்கு இவ்வன்மை வியப்பளிக்காது.

தீட்சிதர் பெருமை அவர்தம் கண்டன நூல்களில் தங்கியதன்று. சதுர்மத சாரசங்கிரகம் என்னும் தொகுதியில் அவர் வேதாந்த சூத்திரங்களுக்கு நான்கு மதத்தாரும் கூறும் பொருளை நான்கு நூல்களாகத் தனித்தனியே எழுதினார். அத்துவிதத்திற்கு நயமஞ்சரி, நீலகண்டர் மதத்திற்கு நயமணிமாலை, இராமாநுசர் மதத்திற்கு நயமயூகமாலிகை, மத்துவர் மதத்திற்கு நியாயமுத்தாவலி. ஒவ்வொன்றும் அவ்வம்மதத்தார் நின்று பேசுமாறே பேசுகின்றது. எவருடைய முகத்தைச் சிதைக்க முற்பட்டாரோ, அவர்கள் கொள்கையையே, இடையிற் குறுக்கிட்டு ஒரு சொல்லேனும் மறுக்காது, அவர்களே ஏற்கத்தக்க வகையில் ஒரு முழு நூலாக அவர் எழுதித் தந்தனர். எதிரியின் கட்சியை எதிரியினும் நன்கு கூறவல்லவனே அதனை மறுத்தற்கு உரியன் என்னும் வரையறையை, உரைத்ததோடமையாது செய்து காட்டியவர் அவர். இத்தகைய நூற்றொகுதி பிறிதொரு சமயவாதியால் செய்யப்பட்டிருப்பின் அதனைச் சைவர் எத்துணைப் போற்றுவர் என்பதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

சித்தாந்தலேச சங்கிரகமும் இவ்வகையினதே. அத்துவிதிகளுக்குள்ளேயே ஒரு பொருள்மேல் எத்துணை வேறுபாடுகள் எழுந்தன என்பதனை அந்நூல் நிரல்படத் தொகுத்துரைக்கும். தன் துணிபு இஃதென வற்புறுத்தாது பெரும்பாலும் ஒதுங்கி நிற்கும். வைணவப் பேராசிரியர் வேதாந்த தேசிகர் பாடிய யாதவாப்பியுதயம் என்னும் காவியத்திற்குத் தீட்சிதரே உரை வரைந்தார். தேசிகர் கொள்கையோடு மாறுபட்டவர் அவர் கவியின்பத்தில் தோய்ந்து நின்றதனை அவ்வுரை காட்டும். காஞ்சி வரதராசப் பெருமாள்மேல் அவர் பாடிய வரதராச தவமும் உண்டு. இரத்தினத்திரய பரீட்சையில் சிவனையும் சத்தியையும் திருமாலையும் மும்மணிகளாக வைத்து ஆராயுமிடத்தும் திருமாலை இகழும் கருத்து அவர்பால் இல்லை. சிவபரத்துவத்தை நிறுவ வேண்டிய கடப்பாடு, சிவனைத் தாழ்த்துவோர் எழுந்தமையால் தமக்கு நேர்ந்ததென்பதே அவர் கூறும் காரணம்.

வாதம் ஆராய்ச்சிக்கு உதவிய திறத்தினை அணிநூலில் இன்னும் தெளிவாகக் காணலாம். தீட்சிதர் சித்திரமீமாஞ்சை என்னும் அணியாராய்ச்சி நூல் இயற்றினார். அவர்க்குப் பின் வந்த சகந்நாத பண்டிதர் அதன்மேற் குறை பல கண்டு சித்திரமீமாஞ்சா கண்டனம் செய்தார். தமது இரசகங்காதரத்துள்ளும் தீட்சிதரைப் பலவிடத்து விடாது சாடினார். சகந்நாதர் சொற்கள் சில நாவடக்கம் அற்றவையே. ஆயினும் இருவர் நூலையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு உவமை முதலிய அணிகளின் இலக்கணம் அவ்விரண்டில் ஒன்றனை மட்டும் படிப்போர்க்கு விளங்குமதனினும் பன்மடங்கு விளங்கும். தீட்சிதர் செய்த குவலயானந்தமோ, கண்டனங்கள் பலவற்றைக் கடந்தும் மாணாக்கர்க்குரிய முதல் அணிநூலாக நிலைத்துவிட்டது.

இனிச் சைவ சித்தாந்திகட்கு உரிய வழக்கொன்று உளது. அதனை மறைத்தல் முறையன்று. நீலகண்டர் பாடியம் சிவனை முழுமுதற் பொருளாக நிறுவுவது. சித்தாந்தத்திற்கு மிக நெருங்கியது. அதனை வழக்கொழியாமற் காத்து, பேருரை கண்டு, 500 புலவர் வாயிலாகப் பரப்பிய தீட்சிதர்க்குச் சைவர் அனைவரும் கடப்பாடுடையர். ஆயின் சிவாத்துவித நிர்ணயம், ஆனந்தலகரி ஆகியவற்றுள் நீலகண்டர் உள்ளக்கருத்து முடிவில் நிர்க்குண அத்துவிதத்திலே சென்று அமைகின்றதெனத் தீட்சிதர் துணிந்தார். இதனைச் சித்தாந்திகள் ஏலார். உயிர் உயிராகவும், சிவன் சிவனாகவும் நின்று இரண்டறக் கலத்தலையே அத்துவிதம் என்னும் சொல் குறிக்குமென்பது மெய்கண்டார் மரபு. நீலகண்டர் சொற்களை அவர் சொன்ன அளவில் நிறுத்திக்கொள்ளல் வேண்டுமேயன்றி, அவற்றின் பின்னே மற்றொரு கருத்தை வருவித்தல் உரையாசிரியர்க்கு உரிமையன்று என்பது அவர்தம் தடை. தீட்சிதர் தரப்பார், பாடியத்துள் ஆங்காங்கே காணப்படும் குறிப்புக்களைத் தொகுத்துக் காட்டி விடையிறுப்பர். இவ்வழக்குச் சிறிய வழக்கன்று. முத்தியில் உயிர் எஞ்சுமோ எஞ்சாதோ என்பதே அதன்கண் அடங்கியது.

இவ்வேறுபாடு இருந்தும், தமிழ்ச் சித்தாந்திகளுள் தலைசிறந்த வாதியராகிய சிவஞான முனிவர் செய்தது யாது? 1785இல் இறைவனடி எய்திய அம்முனிவர் தீட்சிதர் இயற்றிய சிவதத்துவ விவேகத்தைத் தமிழ்ச் செய்யுளாக மொழிபெயர்த்தார். உடன்பாடான பொருளை எவரிடத்தும் கொள்ளலாம் என்பது அச்செய்கையாற் பெறப்படும். அவரே, சித்தியாருக்கு ஞானப்பிரகாசர் எழுதிய உரையைச் சிவசமவாதவுரை மறுப்பால் இம்மியும் விடாது தாக்கினார். எடுத்து என்னும் ஒரு சொல்லின் பொருட்டு வைரக்குப்பாயமும் தொடுத்தார். உடன்படுதற்கும் மறுத்தற்கும் அவர் கொண்ட அளவுகோல் நூலின் பொருளே. நூல் செய்தாரது குலமோ மொழியோ மடமோ அன்று. மாணாக்கர் தருக்கநெறி அறியாது வாதில் இறங்குதல் கூடாதெனக் கருதியே போலும் அன்னம்பட்டரது தருக்க சங்கிரகத்தையும் அவர் தமிழாக்கினார்.

அவர்க்கு ஒரு நூற்றாண்டின் பின்னர் எழுந்த அருட்பா வழக்கோ 1869இல் மஞ்சக்குப்பத்து நீதிமன்றத்தின் படியேறிற்று. அதுபற்றிச் சைவர் நன்கறிவராகலின் ஈண்டு விரித்தல் வேண்டா. சபையில் முடிய வேண்டுவது நீதிமன்றத்திற்குச் சென்றவழிப் பாடல்களின் பொருள் பின்னே நிற்க, ஆட்களே முன்னே நிற்க நேர்ந்தது என்பது மட்டும் அமையும்.

நீலகண்ட பாடியத்தைப் பற்றிய வழக்கு அவ்வாறு கெடாமல் நூல்வழியே தொடர்ந்தது நற்பேறு. 1897இல் தொடங்கிய சித்தாந்த தீபிகை என்னும் திங்கள் இதழில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவரலாயிற்று. யாழ்ப்பாணத்துக் காசிவாசி செந்திநாதையர் அதனைத் தமிழாக்கினர். 1930இல் எஸ். எஸ். சூரியநாராயண சாத்திரியார் நீலகண்டரது சிவாத்துவிதம் பற்றி எழுதிய ஆராய்ச்சி நூல் வெளிவந்தது. தீட்சிதர் தொடங்கிய வினாவினையே இவர்கள் அனைவரும் வெவ்வேறு திசையினின்று தொடர்ந்து ஆராய்ந்தனர்.

தீட்சிதர் வாழ்ந்த காலமும் வாதத்திற்குட்பட்டதே. அவர் வாழ்நாள் 72 ஆண்டு என்பதில் மாறுபாடில்லை. அவர் தம்பியார் பெயரரும் பெருங்கவிஞருமாகிய நீலகண்ட தீட்சிதர் சிவலீலார்ணவத்துள் அதனைக் கூறியுள்ளார். எவ்வாண்டு தொடங்கி என்பதே வினா. 1554 முதல் 1626 வரை என்பது நெடுங்காலம் வழங்கிய துணிபு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் மரபினரான ஒய். மகாலிங்க சாத்திரியார் அதனை மறுத்து, 1520இல் பிறந்து 1593ஐ ஒட்டி மறைந்தனர் என நிறுவ முற்பட்டார். முற்றுணிபின்படி, அடையபலத்துக் கல்வெட்டுப் பொறிக்கப்பட்ட 1582இல் தீட்சிதர்க்கு அகவை 28 மட்டுமே. அதற்குள் சிவார்க்கமணி தீபிகை போன்றதொரு பேருரையை முடித்து, பொன்னாட்டும் பெற்று, 500 புலவர்க்கு ஆசிரியராதல் இயலுமோ? இயலாததன்று எனினும் அரிது. மற்றொரு புறம், நீலகண்ட தீட்சிதர் பன்னீராட்டைச் சிறுவராயிருந்தபோது பெரியவர் அவர்க்கு ஆசி கூறி மறைந்தார் என்பது குடும்ப வழக்கு. நீலகண்டவிசயம் பாடப்பட்டது கலி 4738, அஃதாவது 1637ஐ ஒட்டி. முற்றுணிபு கொண்டால் அந்நூலைப் பாடுங்கால் கவிஞர்க்கு அகவை 23. பிற்றுணிபு கொண்டால் 56. அச்சம்புவின் முதிர்ந்த நகைச்சுவையை நோக்குவோர் எதனைத் தேர்வர்?

ஒரு தடை இன்னும் நிற்கின்றது. குவலயானந்தம் வேங்கடபதியின் ஆணையாற் செய்யப்பட்டதென அந்நூலின் இறுதி கூறும். இரண்டாம் வேங்கடபதி அரசேறியது 1586ஐ ஒட்டியாதலின், பிற்றுணிபின்படி அந்நூல் தீட்சிதர் வாழ்நாளின் கடைசி ஏழாண்டினுள் எழுந்ததாதல் வேண்டும். முதுமையில், பெருநூல்கள் அனைத்தையும் முடித்த பின்னர், மாணாக்கர்க்கென ஓர் எளிய அணிநூல் செய்தார் எனக் கொள்வதில் பொருத்தமின்மை ஒன்றுமில்லை. அறிஞருட் பெரும்பாலார் இக்காலத்துப் பிற்றுணிபையே தழுவுகின்றனர். அதற்கு அடிப்படையாய் நின்றது அடையபலத்துக் காலகண்டேசுவரர் கோயிற் சுவரிலுள்ள அச்சகம் 1504 என்னும் எண்ணே.